படிவத்தில் ஒரு 'ஆம்'

கடலுக்கடியில் இறக்குவதற்கு முன், பயிற்சியாளர் அந்தத் தம்பதியின் உடல்நலப் படிவங்களைப் படித்தார். மனைவி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். கணவர் ஓரிடத்தில் மட்டும் 'ஆம்' என்றிருந்தார்.

"சாருக்கு பேஸ்மேக்கர் இருக்கா?"

"போன வருஷம் வச்சதுப்பா."

மனைவி சட்டென்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடியில தண்ணி அழுத்தும் சார். அந்தக் கருவி எவ்வளவு ஆழம் தாங்கும்னு டாக்டர் எழுதித் தராம இறக்க மாட்டேன். அம்மா மட்டும் வாங்களேன்."

மீன் கூட்டத்தை நேரில் பார்க்கணும் என்று ஆறு மாதமாக நச்சரித்தவள், நீச்சல் உடையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இவரை விட்டுட்டா? வேண்டாம்ப்பா."

தெருவுக்கு வந்ததும் கணவரை மடக்கினாள்.

"ஏங்க, உங்களுக்கு எப்ப பேஸ்மேக்கர் வச்சாங்க?"

"உன் நெஞ்சுல இருக்கறதை நீ 'இல்லை'ன்னு எழுதினியே, அப்பதான். அதை எங்கேயாவது வைக்கணுமில்ல?"