தையலில் குறையில்லை

மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் நடுக்கூடத்துக்கு வர வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னபோது, இன்றோடு வேலை போயிற்று என்றுதான் தையல் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் நினைத்தார்கள்.

கம்பெனி வக்கீல் வந்திருந்தார். கையில் ஒரு பை.

அவர்கள் தைத்த பைதான். கைக்குழந்தையை உள்ளே உட்காரவைத்து, வாரைத் தோளில் மாட்டி, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பை.

அந்தப் பையில் இரண்டு குழந்தைகள் இறந்துபோயிருந்தன. பெற்றவர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். கம்பெனி, விற்ற பைகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டது.

என்ன குறை என்று மேலே இருந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. கீழே இருந்தவர்களுக்குக் கேட்கத் துணிவில்லை.

செய்தி வந்த அன்று சூப்பர்வைசர் மட்டும் ஒரு வாரைத் தூக்கிக் காட்டி, எல்லோரையும் நிற்கவைத்து ஏசினார். தையல் விட்டுப் பிள்ளை கீழே விழுந்திருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். மற்றவர்களும் அதையே நம்பினார்கள். தைக்கிறவர்களுக்கு உலகத்தில் எது கெட்டாலும் தையலில் கெட்டதாகத்தான் தோன்றும்.

அன்றிலிருந்து யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

சன்னலோர மெஷினில் உட்காரும் கெட்டிக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். கெட்டி என்பது பட்டப்பெயர். அவள் போட்ட தையலைப் பிரிக்கப் போனால் துணிதான் கிழியும், தையல் பிரியாது என்பதால் வந்தது.

தன் கையால் ஒரு பிள்ளை செத்திருக்குமோ என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். முகத்தைத் துடைத்த கையோடு, அது தன் தையலாக இருக்காது, பக்கத்து மெஷின்காரியின் தையலாகத்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டும் இருக்கிறாள்.

திரும்பி வந்த பைகளின் வாரை வெட்டிக் குப்பையில் போடும் வேலையும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்காத புதுப் பைகள். வெட்ட வெட்ட வயிறு எரிந்தது.

ஒன்றை மட்டும் கெட்டி வெட்டவில்லை. மடித்துச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் திணித்துக்கொண்டு, ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாத வாசல் காவலாளியிடம் நலம் விசாரித்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

திருட்டு என்று அவளுக்குத் தோன்றவில்லை. குப்பைக்குப் போகிற சாமான். அதில் என்ன குறை என்பது தெரியும், அதைச் சரிசெய்யக் கையும் இருக்கிறது. அப்புறம் என்ன?

வீட்டில் வாரைப் பிரித்து, தடித்த நூலில் மூன்று வரிசை ஓட்டினாள். முழுத் தண்ணீர் கேனை உள்ளே வைத்து ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டாள். ஓர் இழை அசையவில்லை. பிறகுதான் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

தங்கை பிள்ளைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. கீழே விட்டால் வீடு இரண்டாகும்படி அழுவான். பை வந்த பிறகு அவளுக்கு இரண்டு கையும் திரும்பக் கிடைத்தன. பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் பிள்ளை நெஞ்சிலேயே கிடந்தான். அக்கா தைத்தது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொண்டாள்.

எந்தப் பை அறுந்தாலும் அந்தப் பை அறாது என்று கெட்டிக்குத் தெரியும். இத்தனை கலவரத்திலும் அவளுக்கு ஆறுதல் என்று இருந்தது அது ஒன்றுதான்.

வக்கீல் பையை உயர்த்திப் பிடித்தார்.

"பயப்படாதீங்கம்மா, நல்ல சேதிதான். தையல்ல ஒரு குறையும் இல்லன்னு சோதிச்சுப் பாத்து எழுதிக் குடுத்துட்டாங்க, உங்கள யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. பை ஆழம் அதிகம், அதான் தப்பு. கழுத்து நிக்காத குழந்தை உள்ள சரிஞ்சு, தாடை நெஞ்சுல முட்டி மூச்சு அடைச்சுடுது. அழக்கூட முடியாது. பாக்கறவங்களுக்குத் தூங்கற மாதிரியே இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். யாராவது கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவர் போலக் கொஞ்சம் நின்றார்.

கெட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இந்நேரம் தங்கை வீட்டு வேலையில் இருப்பாள். பிள்ளை நெஞ்சில் இருப்பான்.

வேலை நேரத்தில் எல்லோருடைய செல்போனும் சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். கேட்டால் எதற்கு என்பார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். போகட்டும், வேலை என்ன பெரிய வேலை என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள்.

நடக்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் பக்கத்து மெஷின்காரி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் முன்னால், வாரில் கொக்கி மாட்டுகிற பெண் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். பின்னாலிருந்து யாரோ கெட்டியின் முதுகில் முட்டினார்கள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. வரிசை மொத்தமும் அலமாரியை நோக்கி ஓடியது.

வக்கீலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையைக் கீழே இறக்கினார்.

அலமாரி ஏற்கெனவே திறந்து கிடந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. ஒரே மாதிரி இருந்த செல்போன்களுக்குள் ஏழெட்டுக் கைகள் துழாவின. கெட்டியின் கையும் அதில் ஒன்று.

சூப்பர்வைசர் சுவரில் சாய்ந்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்து, தன் மகளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தூங்கட்டும்னு சொல்லாத கண்ணு. பிள்ளையத் தட்டி எழுப்பு. அப்பா சொல்றேன்ல, எழுப்பு."