கிருமி இல்லாத மூச்சு

"அப்பா, மூச்சு பொய் சொல்லுமா?" என்று மகள் ஒருமுறை கேட்டபோது லேப்காரர் சிரித்துவிட்டார். இன்று சிரிப்பு வரவில்லை.

எதிரே இருந்த பெரியவரின் வயிற்றிலிருந்து புற்றுநோய்க் கட்டியை எடுத்தாயிற்று. அதற்குக் காரணமான வயிற்றுக் கிருமி மிச்சமிருந்தால் நோய் திரும்பலாம் என்பதால், மூச்சில் அதன் தடயம் தேடப் பையில் ஊதச் சொல்லியிருந்தார்கள். கிருமியே இல்லை என்றது இயந்திரம்.

"நெஞ்செரிச்சல் மாத்திரையை ரெண்டு வாரமா நிறுத்தினீங்களா? அது உள்ளே போனா கிருமி பதுங்கிக்கும்."

"சத்தியமா தொடலை!"

"போன மாசம் எரியுதுன்னு துடிச்சீங்களே?"

"இப்போ சுத்தமா இல்லை தம்பி. எல்லாம் இவ குடுக்கிற பாலோட மகிமை!"

பக்கத்தில் நின்ற மனைவி கைப்பையின் வாரைத் திருகினாள். லேப்காரர் அவளையே பார்த்தார். பிறகு, "பை ஓட்டைங்க ஐயா. என் தப்புதான். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஊதுங்க" என்றார்.

"வேலை தெரியாத ஆளையெல்லாம் வச்சிருக்காங்க!" பெரியவர் நேரே போய்ப் புகார்ப் புத்தகத்தில் எழுதினார். மேலதிகாரி மாதக் கடைசியில் படிக்கும் புத்தகம் அது.

லேப்காரர் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "எரிஞ்சா எரியட்டும்மா. ரெண்டு வாரம்தான்."

இரண்டாம் முறை கிருமி பிடிபட்டது. மருந்து வாங்கப் பெரியவர் வரிசையில் நின்றார். ஆளில்லாத கூடத்தில் அவள் புகார்ப் புத்தகத்தைத் திறந்து, கணவரின் எழுத்துக்குக் கீழே எழுதினாள்:

"பை ஓட்டையில்லை. இவர் துடிப்பதைப் பொறுக்காமல் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்தவள் நான். தெரிந்தும் அந்தத் தம்பி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை."