ஆர்லோவின் சுத்தமான கரை

ஆர்லோவின் கரையில் ஒரு நாணல்கூடக் கிடையாது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார் வெர்னா.

ஹூரான் ஏரியோரம் இருந்த அந்தச் சின்ன ஊரின் கரைச் சங்கத் தலைவி அவர். ஊர்க்கூடத்தில் காபியும் பட்டர் டார்ட் என்ற இனிப்புப் பலகாரமுமாக உட்கார்ந்திருந்த சனங்கள் தலையாட்டினார்கள். ஆட்டாமல் என்ன செய்வது, டார்ட் அவர் செய்தது.

எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட நாணல் அது. ஆளை மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்து, ஏரி எங்கே என்று தேடவைத்துவிட்டது. வாத்தும் தவளையும் சதுப்பைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டன. கோடையில் பூவெடுக்கும் முன்பே ஊரே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தண்டை அடியோடு அறுக்கும். அடுத்த வசந்தத்தில் அது பக்கத்திலேயே புதிதாக முளைத்து நிற்கும்.

ஆர்லோ சதுப்பு சதுப்பாக வாத்து சுடப் போகிறவர். படகில் ஒட்டிய சேற்றோடு நாணல் வேரைக் கொண்டுவந்து அடுத்தவர் கரையில் கழுவிவிடுகிறார், தன் கரையை மட்டும் துடைத்து வைத்துக்கொள்கிறார் என்பது வெர்னாவின் துப்பு. ஆகவே ஊர்ப் படகுத்துறையில் அவர் படகு இனி இறங்கக் கூடாது என்று தீர்மானம். மீன்பிடிப்பே கதியென்று கிடக்கிற அந்தத் தனிக்கட்டைக்கு அந்தத் துறைதான் பாதி உயிர்.

மற்றபடி வெர்னாவுக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை. பட்டர் டார்ட்டில் உலர்திராட்சை எதற்கு என்று ஆர்லோ ஒருமுறை ஊர் முன்னால் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். அன்றிலிருந்து வெர்னா அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

தாராள மனசுக்காரிதான். இலையுதிர்காலத்தில் நன்றித் திருநாள் வந்தால் வாசற்கதவில் மாட்ட மாலை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். மேப்பிள் இலை, பைன் காய், நடுவே நெடுஞ்சாலைப் பள்ளத்தில் அவரே இறங்கிப் பறித்த காய்ந்த குஞ்சம். செத்த புல்லையும் வாழவைக்கிற கை என்று ஊர் புகழும். பனி உருகியதும் அதே ஊர் அந்த மாலையை நன்றிகெட்டதனமாகக் கரையில் வீசிவிடுவதில்தான் அவருக்கு மனக்குறை.

ஆர்லோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, படகைத் தன் வீட்டு முற்றத்திலேயே கழுவுவதாகச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்போ நாணல் உங்க வீட்டைப் பாத்து மட்டும் பயந்து ஓடுதா ஆர்லோ?" என்றார் வெர்னா. கூடம் சிரித்தது. தீர்மானத்துக்குக் கைகள் உயர்ந்தன.

அந்த நேரம் பார்த்து சதுப்புநில அதிகாரி தெரேஸ் வந்தார். வெர்னாதான் வரவழைத்திருந்தார், தீர்ப்புக்கு ஒரு அரசாங்க முத்திரை வேண்டுமே. வந்தவர் உள்ளே வராமல், கூடத்துக் கதவில் தொங்கிய மாலையையே பார்த்தபடி நின்றார்.

"இது யார் பண்ணது?"

வெர்னாவுக்கு முகம் மலர்ந்தது. "நான்தாங்க. ஊர்ல வீட்டுக்கு வீடு என் கை மாலைதான். ஒரு வருஷம் தவறினதில்ல."

தெரேஸ் குஞ்சத்தை லேசாக உருவினார். உள்ளங்கை நிறையப் பஞ்சு உதிர்ந்தது.

"இது நாணல் பூங்க. அத்தனையும் விதை. காய்ஞ்சாலும் சாகாது, கரையில விழுந்தா போதும்." அவர் வெர்னாவை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு வீடு விடாமலா குடுத்தீங்க?"

உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆர்லோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எங்க வீட்டுக்கு மட்டும் தந்ததில்லம்மா."