பெட்டிக்குப் பிடித்த குடை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். நகரில் எந்தத் தெரு அதிகமாகக் கொதிக்கிறதோ, அதற்கே மரங்களும் சிறு பூங்காவும் என்று மாநகராட்சி முடிவு செய்திருந்தது. கொதிப்பை அளக்க, தெருவுக்கொரு விளக்குக் கம்பத்தில் வெப்பமானிப் பெட்டி பொருத்தப்பட்டது. கோடை முழுவதும் அளந்ததில், பட்டறைகள் நிறைந்த ஒரு தெருவுக்குக் கடைசி இடம்.

பெட்டிகளைப் பொருத்திய மாநகராட்சிப் பொறியாளர் அம்மாவுக்குத் தலை சுற்றியது.

தகரக் கூரை, தார்ச்சாலை, மருந்துக்குக்கூட ஒரு செடி இல்லை. அது எப்படி ஆற்றங்கரையைவிடக் குளிர்ச்சியாக இருக்க முடியும்? மாலைக்குள் அவர் கையெழுத்திட்டால், மரங்கள் வேறு தெருவுக்குப் போய்விடும்.

நேரில் கிளம்பிவிட்டார்.

காரைவிட்டு இறங்கியதும் செருப்பு தாரில் ஒட்டியது. நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். பெட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு. அதற்கு மேல், கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய பெரிய கறுப்புக் குடை.

"யார் வேலை இது?"

கம்பத்தடியில் அரத்தால் சாவி ராவிக்கொண்டிருந்தவர் விருட்டென்று எழுந்தார். தலையில் துண்டு, முகமெல்லாம் வெயிலில் தோலுரிந்திருந்தது.

"நான்தாம்மா!" குரலில் பெருமை வேறு.

"அரசாங்கச் சாமான்ல கை வைக்கலாமா?"

"ஐயையோ, கை வைக்கலம்மா. சாக்குதான் வெச்சேன்."

"உங்க தெருவுக்கு மரம் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்னுதானேம்மா இவ்வளவும்!"

பொறியாளருக்கு ஒன்றும் ஓடவில்லை. மரம் கேட்பவரே மரத்துக்கு உலை வைப்பாரா?

எதிர்த் தையற்கடையிலிருந்து சாவிக்காரரின் மனைவி குரல் கொடுத்தாள். "நல்லாக் கேளுங்கம்மா! வீட்டுக்கு ஒரு குடம் தண்ணி தூக்க மாட்டாரு. அந்தப் பெட்டிக்கு மட்டும் வேளாவேளைக்குக் குளியல்!"

"நீ சும்மா இரு. ஏம்மா, இதை மாட்டின அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"நானா? என்ன சொன்னேன்?"

"'பத்திரமாப் பாத்துக்குங்க, இது நல்லா இருந்தாத்தான் உங்களுக்கு மரம் வரும்'னு. மத்தியானம் ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டுப் பாத்தேன். கை சுட்டுருச்சு. பெட்டி கருகிப்போனா மரமும் போச்சேன்னு..."

சொன்னவர் பொறியாளரேதான். அந்தப் பெட்டி எதற்கு என்பதை மட்டும் சொல்லியிருக்கவில்லை.

"அது வெயிலை அளக்குற பெட்டிங்க," என்றார், குரல் இறங்கி. "வெயில் படத்தான் வெச்சோம். எல்லாத்தையும் அவிழ்த்துடுங்க."

"கருகாதே?"

"கருகாது."

பின்னர் உறுதியானவை: பெட்டியில் பழுதில்லை. கையெழுத்து தள்ளிவைக்கப்பட்டது. குடையை அவிழ்த்த மறுநாள் அளவிலேயே அந்தத் தெரு முதலிடத்துக்கு வந்தது. மரங்களும் அங்கேயே வந்தன. கோடைக்கு முன்புவரை அந்தக் குடை சாவிக்காரரின் தலைக்கு மேல் விரிந்திருந்தது. அந்தத் தெருவில் இருந்த ஒரே நிழல் அதுதான்.