தமாவோவின் கை

கடல் அட்டையின் தோல் ப்ளீச்சில் அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். பொத்தான் வடிவச் சுண்ணாம்புத் துகள்கள் மட்டும் மிஞ்சும். ஒன்றுபோலத் தெரியும் இரண்டு வகைகளை அவற்றை வைத்துத்தான் பிரிக்கிறோம். மனிதத் தோலில் அப்படி எதுவும் கிடையாது.

என்னோடு படிக்கும் தமாவோ நுண்ணோக்கியைத் தொடுவதே இல்லை. வாளிக்குள் கைவிட்டுத் தடவியே வகையைச் சொல்லிவிடுவாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

"என்ன ரிஹோ, இன்னும் அந்தக் கண்ணாடியையே கட்டிக்கிட்டு அழறியா? கப்பல் உனக்காக நிக்காதுடி."

மார்ச்சில் நாஹாவிலிருந்து கிளம்பும் ஆய்வுக் கப்பலில் எங்களில் ஒருத்திக்குத்தான் இடம்.

வெயிலில் அவள் கை உரிந்திருந்தது. அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க, மேசையில் உதிர்ந்து கிடந்த தோலை எடுத்துக் கரைத்தேன். கிண்ணத்தின் அடியில் வெள்ளையாகப் பொடி தங்கியது.

எங்கள் ஆசிரியர் நகாமா சென்செய் அதை நுண்ணோக்கியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அடேயப்பா! ரெண்டு வகையிலயும் சேரலையே. பொத்தான் எவ்ளோ அழகா இருக்கு பாரு. புதுசும்மா இது. நீதான் கப்பல் ஏறணும். எந்த வாளியிலேர்ந்து எடுத்தே?"

தமாவோ வாளிக்குள் கையை விட்டபடியே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாளியிலேர்ந்து இல்ல, சென்செய். தமாவோ கையிலேர்ந்து," என்றேன். "என் தோலையும் கரைச்சுப் பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல."