காலி நாற்காலி

"அடுத்து யாரு?" என்று கேட்காமல் செல்லையா கத்தரியை எடுக்கமாட்டான். சலூன் திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். காலனி ஏசுவடியான் நாற்பது நாளாக முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "நான்தாண்ணே" என்று எழுந்து நிற்கிறான். "அவனுக்கு வெட்டினா கடை இருக்காது" என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். செல்லையா அவனைத் தாண்டி அடுத்தவரைப் பார்ப்பான். ஏசுவடியான் திரும்ப உட்கார்ந்துவிடுவான், கடை சாத்தும்வரை. முடி காதை மூடிவிட்டது. இன்றும் எழுந்தான். செல்லையாவின் பார்வை பக்கத்திலிருந்த அரிசி மில் வேலுச்சாமிக்குப் போனது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு முந்தியே அந்தத் தம்பி வந்துட்டாப்லப்பா." அவருக்கு அடுத்தவரும் எழவில்லை. செல்லையா வெள்ளைத் துணியை வாசலில் உதறிவிட்டு வந்து, முதல் தடவையாக ஏசுவடியானின் முகத்தைப் பார்த்து, "அடுத்து யாரு?" என்றான்.