லைனில் இருங்கள்

ஷியாமளாவின் நெற்றியில் அம்மையப்பன் திருநீற்றைப் பூசி, கண்ணில் விழுந்துவிடாமல் கையால் மறைத்து மெல்ல ஊதிவிட்டார். மகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

மெடிக்கல் காலேஜ் அட்மிஷன் இன்டர்வியூ இன்னும் சற்று நேரத்தில். எல்லாம் ஆன்லைனில்தான். துபாய் கராமாவின் அந்த இரண்டு அறை வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப் தயாராகத் திறந்திருந்தது. பின்னால் சுவரில் தொங்கிய நகைக்கடை காலண்டரை அம்மையப்பன் விடிந்ததுமே கழற்றிவிட்டார். நடிகை படம் போட்ட காலண்டர் நல்ல அபிப்பிராயத்தைத் தராது என்பது அவர் கட்சி.

அவர் மனைவி பானுமதி ஒரு ஸ்பூன் தயிரில் சர்க்கரையைக் கலந்து கொண்டுவந்து மகளுக்கு ஊட்டினாள். சட்னி அரைக்க அன்று அவளுக்கு அனுமதி இல்லை. மிக்சி சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடுமாம்.

"நிமிந்து உக்காரு. படபடன்னு பேசாத" என்றார் அம்மையப்பன். சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அதுவரை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"பதிலைப் பத்திப் பயமில்லப்பா. கேள்விதான் பயமா இருக்கு" என்றாள் ஷியாமளா.

பாவம், ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாய் எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. காலேஜ் அட்மிஷன் ஆபீசிலிருந்து அஃப்னா. காயல்பட்டினத்துப் பெண் என்பதால் தமிழிலேயே பேசினாள். பெற்றவர்களும் கேட்கட்டும் என்று ஷியாமளா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஒரு சின்னப் பிரச்சனை. கொஞ்சம் லைன்லயே இருக்கீங்களா?" என்றாள் அஃப்னா. இவள் சரி என்று சொல்வதற்குள் போனில் பியானோ வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

"என்னட்டி பிரச்சனை?"

"தெரியலப்பா. ஹோல்டுல போட்டுட்டாங்க."

ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வந்தது. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று நடுநடுவே ஒரு குரல் அரபியில் சொன்னதை ஆங்கிலத்திலும் சொன்னது. அவ்வளவு முக்கியம் என்றால் எடுத்துப் பேச வேண்டியதுதானே என்றாள் பானுமதி.

அம்மையப்பனுக்குப் பயம் வந்துவிட்டது. இவள் வேண்டாம், வேறு நல்ல ஆளாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி நேரத்தில் முடிவு செய்துவிட்டார்களோ? ஷியாமளாவுக்கும் அதே பயம்தான் போலும். துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க. இதுல சொதப்பினா மறுபடி கூப்பிடவே மாட்டாங்கப்பா" என்றாள்.

அந்த நேரம் பார்த்தா மேல் மாடியில் டிரில்லிங் மெஷின் ஓட வேண்டும்? சுவரே அதிர்ந்தது. துபாய்க்கு வந்ததிலிருந்து மெட்ரோவில் தனியாக ஏறத் துணியாத மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மேலே ஓடினார்.

அங்கே யாருக்கோ ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டட வாட்ச்மேன் ஷம்சாத் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், மேரா பேட்டி. மெடிக்கல் காலேஜ். இன்டர்வியூ" என்று சொல்லிவிட்டு, அம்மையப்பன் இரண்டு காதையும் பொத்திக் காட்டினார்.

ஷம்சாத்தின் முகம் மலர்ந்தது. உங்கள் மகள் டாக்டர் ஆகப் போகிறாளா என்று இந்தியில் கேட்டார். அதற்கு விளக்கமாகப் பதில் சொல்லுமளவுக்கு அம்மையப்பனிடம் இந்தி இல்லை. அச்சா, அச்சா என்று தலையை ஆட்டிவைத்தார்.

ஷம்சாத் மெஷின்காரரைப் பார்த்து "கலாஸ்", போதும் நிறுத்து என்றார். அவர் உடனே பிளக்கைப் பிடுங்கினார். பிறகு இருவருமே கைகளை ஏந்தி, முகம் அறியாத அந்தப் பெண்ணுக்காகச் சின்னதாக ஒரு துவா செய்தார்கள். அம்மையப்பன் அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

கீழே பியானோ இன்னும் ஓயவில்லை. பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் என்று ஆரம்பித்த பானுமதியின் வேண்டுதல், அவர் திரும்பி வருவதற்குள் பதினொன்றாக ஏறியிருந்தது.

அவர் மகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன. ஒரு பிள்ளையின் எதிர்காலமே இந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது, அதில் ஒரு வார்த்தை பிசகிவிடக் கூடாதே என்றுதான் அவள் இந்தப் பாடு படுகிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

"நீ நல்லாச் செய்வ. பெத்தவன் சொல்லுதேன்" என்றார்.

அவள் சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. பானுமதி முந்தானையால் மகளின் மூக்கு நுனி வியர்வையைத் துடைத்துவிட்டு, கேமராவில் விழாமல் ஒதுங்கி நின்றாள்.

சட்டென்று பியானோ நின்றது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஸாரி, ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேன்" என்றாள் அஃப்னா. "மஸ்கட்ல அந்தப் பையன் வீட்டுல நெட் போயிருச்சாம், இப்பதான் வந்தான். நீங்க கேள்வி கேக்க ஆரம்பிக்கலாம், டாக்டர்."